சர்வர் மும்பையில், பிரிண்டர் ஈரோட்டில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. பில் போடும் மென்பொருள் இத்தனை நாள் கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இப்போது அதை மும்பையில் வாடகைக்கு எடுத்த விண்டோஸ் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். கடையில் மூன்று பேர் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) வழியாக உள்ளே போய் பில் போடுகிறார்கள். பில்லுக்கு ஒரு டாட் மேட்ரிக்ஸ், லெட்ஜர் எடுக்க ஒரு லேசர். பிரிண்ட் ஒரு நாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை. வந்தாலும் டாட் மேட்ரிக்ஸ் ஒரு பில்லுக்கு நிமிடக்கணக்கில் இழுக்கிறது. இது போக, மும்பையிலேயே உள்ள ஓர் உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வரில் இரவு தயாராகும் ஸ்டாக் ரிப்போர்ட், காலையில் கடை திறந்ததும் லேசரில் தானாக வந்து விழ வேண்டுமாம். "எங்கள் பிரிண்டரை அந்த சர்வர் எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று கேள்வி அனுப்பியவர் முடித்திருக்கிறார்.

கண்டுபிடிக்காது. இதைத்தான் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் லேசரின் முகவரி 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். அது உங்கள் ரவுட்டருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். அடுத்த கடை பிரிண்டருக்கும் அதே எண் இருக்கலாம், எதிர்வீட்டு டிவிக்கும் இருக்கலாம். மும்பையில் இருந்து பார்த்தால் அது 'மாரியம்மன் கோவில் தெரு' என்று மட்டும் எழுதி ஊர்ப் பெயர் எழுதாத கவர். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியில் இருந்து உள்ளே வர ஒரு வாசலை, திறந்துவிட்டால் போதாதா என்பீர்கள். நம் ஊர் பிராட்பேண்ட், 4ஜி இணைப்புகள் பலவற்றில் ரவுட்டருக்கே சொந்தமாகப் பொது முகவரி கிடையாது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை உட்கார வைத்திருப்பார்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அங்கே போர்ட் திறப்பது, தெருக் கேட் பூட்டிக் கிடக்க, மாடி வீட்டுக் கதவை மட்டும் திறந்துவைப்பது போலத்தான்.

ஆகவே கடைதான் சர்வரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட அந்த இணைப்பின் வழியாகவே பிரிண்ட் திரும்பி வர வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப், எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போடும் பூட்டிய குழாய்), விபிஎன் (இரண்டு இடங்களை ஒரே நெட்வொர்க் போல இணைப்பது) எல்லாமே அடிப்படையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எது உங்களுக்குச் சரி என்பது இன்னொரு கேள்வியில் இருக்கிறது: அச்சாகப் போகும் பக்கம் எங்கே உருவாகிறது, சர்வரிலா, கடையிலா? உங்கள் டாட் மேட்ரிக்ஸ் தொல்லை முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது.

சரி, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்து தொடங்குவோம். இணைப்புக்கு முன் வரும் அந்தச் சின்னப் பெட்டியில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' தட்டி, 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில் 'பிரிண்டர்ஸ்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உள்ளே போனதும் சர்வரின் பிரிண்டர் பட்டியலில் உங்கள் கடைப் பிரிண்டர்கள் பெயருக்குப் பின்னால் 'ரீடைரக்டட் 3' என்பது போன்ற ஒரு வால் ஒட்டிக்கொண்டு தெரியும். அந்த வாலில் உள்ள எண் உங்கள் செஷனின், அதாவது சர்வருக்குள் நீங்கள் நுழைந்திருக்கும் அந்த நுழைவின், எண்.

'ஒரு நாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை' என்பதற்குப் பெரும்பாலும் இந்த வால்தான் காரணம். காலையில் நீங்கள் நுழைந்தபோது செஷன் எண் 3. பில் மென்பொருளின் செட்டிங்கில் 'ரீடைரக்டட் 3' என்ற பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தீர்கள். மறுநாள் சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும், அல்லது உங்களுக்கு முன்னால் வேறு இருவர் நுழைந்திருப்பார்கள். இன்று உங்கள் எண் 5. மென்பொருளோ 3-ஐத் தேடுகிறது. அப்படி ஒரு பிரிண்டரே இல்லை. சில மென்பொருள்கள் பிழைச் செய்தி காட்டும், சில வாயை மூடிக்கொண்டு பட்டியலில் முதலில் உள்ள பிடிஎஃப் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை தினமும் காலையில் அன்றைய எண்ணைப் பார்த்து, துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டரில் ஒட்டி வைப்பார். 'இன்னிக்கு நாலு' என்று மற்றவர்களுக்கும் குரல் கொடுப்பார். பல மாதம் அப்படியே ஓடியது.

தீர்வு எளிது. மென்பொருளில் எந்தப் பிரிண்டரையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்காதீர்கள், 'டீஃபால்ட் பிரிண்டர்' என்று விட்டுவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் எது டீஃபால்ட்டோ அதுவே செஷனுக்குள்ளும் டீஃபால்ட்டாக வரும். அதற்கு ஒரு முன்வேலை உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற செட்டிங் இருக்கிறது. கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரை அது டீஃபால்ட் ஆக்கிவிடும். அதை அணைக்காவிட்டால், மதியம் ஒருவர் லேசரில் ஒரு ஆதார் நகல் எடுத்த பிறகு பில்லெல்லாம் லேசருக்குப் போகும்.

பட்டியலில் பிரிண்டர் வரவே இல்லை என்றால் அது வேறு கதை. சர்வரில் இரண்டு சர்வீஸ்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர். இன்னொன்று ரிமோட் டெஸ்க்டாப் யூசர்மோட் போர்ட் ரீடைரக்டர் என்று நீளமான பெயர் கொண்டது. ஸ்பூலரைப் பலர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பார்கள். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த ஸ்பூலர் வழியாகவே சர்வர் முழுவதையும் கைப்பற்ற முடியும் என்று தெரிந்து, அச்சடிக்கத் தேவையில்லாத சர்வர்களில் அதை நிறுத்தச் சொன்னார்கள். உங்கள் சர்வரை அமைத்துக் கொடுத்தவரும் நல்ல எண்ணத்தில் அப்படிச் செய்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள். பேட்ச் எல்லாம் போட்ட பிறகு ஓட விடலாம். இவை இரண்டும் சரியாக இருந்தால், சர்வரின் விதிகளை வைக்கும் இடமான குரூப் பாலிசியில் பிரிண்டர் ரீடைரக்‌ஷன் என்ற பிரிவில் 'கிளையன்ட் பிரிண்டரை அனுமதிக்காதே' என்பது எனேபிள் ஆகி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இங்கே 'எனேபிள்' என்றால் தடை, அவசரத்தில் பலர் தப்பாகப் படித்துவிடுவார்கள்.

இந்த ஸ்பூலரைப் பற்றி இன்னொரு விஷயம். பிரிண்ட் வரவில்லை என்றதும் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்வது நம் எல்லோருக்கும் கைவந்த வைத்தியம். சொந்தக் கம்ப்யூட்டரில் செய்யலாம். சர்வரில் செய்தால் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் மற்ற இருவரின் பிரிண்டும் அறுந்து போகும். நீங்கள் மட்டும் 'சைன் அவுட்' செய்து மறுபடி நுழைந்தால் போதும், உங்கள் பிரிண்டர்கள் புதிதாக உருவாகும். மேலே உள்ள பெருக்கல் குறியைத் தட்டி மூடுவது சைன் அவுட் ஆகாது. அதில் செஷன் அப்படியே தூங்கும்.

இனி டாட் மேட்ரிக்ஸ். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் ரிமோட் டெஸ்க்டாப்பில் பிரிண்ட் எடுக்க, கடையில் உள்ள ஒவ்வொரு பிரிண்டரின் டிரைவரையும் (பிரிண்டரை இயக்கும் நிரல்) சர்வரிலும் போட வேண்டும். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு மட்டமான டிரைவர் சர்வரையே கவிழ்த்துவிடும். விண்டோஸ் சர்வர் 2008-இல் ஈஸி பிரிண்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சர்வர் பக்கத்தை எக்ஸ்பிஎஸ் என்ற பொதுவான வடிவில் வரைந்து அனுப்பும். கடைக் கம்ப்யூட்டர் அதை வாங்கி, தன்னிடம் உள்ள டிரைவர் வழியாகப் பிரிண்டருக்குக் கொடுக்கும். லேசருக்கும் இங்க்ஜெட்டுக்கும் இது அருமையான ஏற்பாடு. உங்கள் லேசருக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம், இதிலேயே விட்டுவிடுங்கள்.

டாட் மேட்ரிக்ஸ் வேறு ஜாதி. அதற்குள்ளேயே எழுத்து வடிவங்கள் இருக்கின்றன. 'ஏ' என்று ஓர் எழுத்தை அனுப்பினால் அதுவே பார்த்துக் குத்திக்கொள்ளும். பழைய பில் மென்பொருள்கள் வெறும் எழுத்துகளையும் நடுநடுவே எஸ்கேப் கோடு எனப்படும் கட்டளை எண்களையும் மட்டும் அனுப்பும். 15 என்ற எண் வந்தால் எழுத்து குறுகும். சாதாரணமாக அங்குலத்துக்கு 10 எழுத்து, 8 அங்குலத்தில் 80. குறுக்கினால் அதே அகலத்தில் 137. அதனால்தான் எச்எஸ்என் என்ற சரக்கு எண், விலை, ஜிஎஸ்டி என்று அத்தனை நெடுவரிசைகளும் ஒரு தாளில் அடங்கின. 27, 67, 0, 6 என்று நான்கு எண்களை அனுப்பினால் 'இந்தத் தாளின் நீளம் 6 அங்குலம்' என்று பிரிண்டர் புரிந்துகொள்ளும். அங்குலத்துக்கு 6 வரி, ஆக 36 வரி முடிந்ததும் சரியாகத் துளைக்கோட்டில் வந்து நிற்கும்.

ஈஸி பிரிண்டுக்கு இந்த மொழியே தெரியாது. அது பில்லைப் படமாக வரைந்து அனுப்புகிறது. படத்தை 9 ஊசி கொண்ட தலை வரி வரியாக, ஒரே வரியில் இரண்டு மூன்று தடவை ஓடிக் குத்துகிறது. நீங்கள் கேட்கும் அந்த 'ஈஈஈ' என்ற நீளமான சத்தம் அதுதான். எழுத்து மோடில் அடிக்கும்போது வரும் 'டர்ர்' சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது உடனே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். தாளின் நீளமும் தெரியாததால் இரண்டாவது பில், துளைக்கோட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நான் செய்வது இது. கடைக் கம்ப்யூட்டரில் டாட் மேட்ரிக்ஸ் மாட்டியிருக்கும் அதே யுஎஸ்பி போர்ட்டுக்கு இரண்டாவதாக ஒரு பிரிண்டர் சேர்ப்பேன். டிரைவர் கேட்கும்போது உற்பத்தியாளர் பட்டியலில் 'ஜெனரிக்', அதில் 'டெக்ஸ்ட் ஒன்லி'. இது விண்டோஸுடனே வருவது, எங்கும் இறக்க வேண்டாம். இதைக் கடையில் டீஃபால்ட் ஆக்கிவிடுவேன். சர்வரிலும் இதே டிரைவரை வைத்து ஒரு பொம்மைப் பிரிண்டர் ஒருமுறை சேர்த்துவிடுவேன், டிரைவர் அங்கே ஏறிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும். அப்புறம் சர்வரின் குரூப் பாலிசியில் 'ஈஸி பிரிண்ட் டிரைவரை முதலில் பயன்படுத்து' என்பதை டிசேபிள் செய்வேன். அவ்வளவுதான். இனி ஒரு பிரிண்டருக்குப் பொருத்தமான டிரைவர் தன்னிடம் இருக்கிறதா என்று சர்வர் முதலில் பார்க்கும். டெக்ஸ்ட் ஒன்லிக்கு இருக்கிறது, எனவே எழுத்துகள் எழுத்துகளாகவே கடைக்கு வரும். லேசருக்கு இல்லை, எனவே அது பழையபடி ஈஸி பிரிண்டில் போகும். இரண்டுக்கும் தனித்தனி வழி, ஒரே பாலிசி மாற்றத்தில்.

ஆனால் ஒரு நிபந்தனை. மென்பொருளிலும் 'டாட் மேட்ரிக்ஸ்' அல்லது 'டெக்ஸ்ட் மோட்' என்ற ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லோகோ, கட்டம், கியூஆர் கோடு எல்லாம் இந்த வழியில் வராது. இ-இன்வாய்ஸ் எடுக்கும் பில்லில் கியூஆர் அச்சாக வேண்டும் என்பதால் அவற்றை லேசரில் எடுங்கள். டாட் மேட்ரிக்ஸை மற்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழும் இந்த வழியில் வராது. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் டெக்ஸ்ட் மோடில் வரிசையாகக் கேள்விக்குறிதான் விழும். பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழ் கிடையாது. தமிழ் வேண்டுமானால் படமாகத்தான் அடிக்க வேண்டும், நேரமாகும். தமிழை விடு என்று நான் சொல்ல மாட்டேன். மொத்தக் கடையில் வரிசையில் ஆள் நிற்கும் பில்லுக்கு ஆங்கிலமும், மாதக் கணக்குக்குத் தமிழும் என்று பிரித்துக்கொண்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு நடைமுறை ஏற்பாடு.

தமிழ் என்றதும் இன்னொரு கண்ணி நினைவுக்கு வருகிறது. பழைய கம்ப்யூட்டரில் லதா ஃபான்டில் வடிவமைத்த ரிப்போர்ட், புதிய சர்வரில் இடம் மாறி, நெடுவரிசை தள்ளிப் போய் அச்சாகிறது என்று புகார் வரும். பிரிண்டரைத் திட்டுவார்கள். விண்டோஸ் 10 காலத்தில் இருந்து லதாவும் விஜயாவும் இயல்பாக வருவதில்லை. தமிழ் கூடுதல் ஃபான்ட் என்ற பெயரில் ஆப்ஷனல் ஃபீச்சராகத் தனியே சேர்க்க வேண்டும். அது இல்லாத சர்வர், நிர்மலா யூஐ ஃபான்டைப் போட்டுச் சமாளிக்கும். இரண்டுக்கும் அகலம் வேறு, அதனால் நெடுவரிசை நகரும். உபுண்டு சர்வரில் பல சமயம் தமிழ் ஃபான்டே இருக்காது, எழுத்துக்கு எழுத்து கட்டம் விழும். லோஹித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ போட்டுக்கொள்ளுங்கள். பக்கம் எங்கே உருவாகிறதோ அங்கே ஃபான்ட் இருக்க வேண்டும். அச்சடிக்கும் இடத்தில் இருந்து பயனில்லை.

அதே கதைதான் தாளின் அளவுக்கும். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில், ரிமோட் சர்வரில் இருந்து எந்த ரிப்போர்ட் அனுப்பினாலும் லேசரில் ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டு நிற்கும். லோக்கலில் இருந்து அனுப்பினால் பளிச்சென்று வரும். டோனரை மாற்றிப் பார்த்தார்கள், ட்ரேயைக் கழற்றித் துடைத்தார்கள். அவர்கள் கூப்பிட்டு நான் போய் அரை நாள் விழித்த பிறகுதான் சர்வரின் ரீஜன் அமெரிக்கா என்று இருப்பதைக் கவனித்தேன். அமெரிக்கா என்றால் இயல்பான தாள் லெட்டர், 216-க்கு 279 மில்லிமீட்டர். ட்ரேயில் இருந்தது ஏ4, 210-க்கு 297. பிரிண்டர் நேர்மையாக லெட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. 'ஓகே' பட்டனை அழுத்தினால் ஏ4-லேயே அடித்துத் தள்ளும், அதை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. சர்வரில் ரீஜனை இந்தியா ஆக்கி, மென்பொருளில் தாளை ஏ4 ஆக்கினோம். அத்துடன் சரி.

ரிமோட் டெஸ்க்டாப் ரீடைரக்‌ஷனை இவ்வளவு சரிசெய்தும், கிளைகள் இரண்டு மூன்று ஆகி, பத்துப் பேர் நுழையும் நிலை வந்துவிட்டால் நான் விபிஎன்னுக்கு மாறிவிடுவேன். கடை ரவுட்டரிலோ கடையில் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரிலோ வயர்கார்ட் என்ற விபிஎன் நிரலைப் போட்டு, சர்வருடன் இணைத்துவிட்டால், மும்பை சர்வர் 192.168.1.50-ஐ நேரடியாகப் பார்க்கும். பிரிண்டரைச் சர்வரிலேயே அதன் முகவரியைக் கொடுத்து டிசிபி/ஐபி போர்ட்டாக ஒருமுறை சேர்த்தால் போதும். வாலும் இல்லை, எண்ணும் இல்லை, பெயர் என்றைக்கும் மாறாது. யார் நுழைந்தாலும் ஒரே பிரிண்டர். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளையிலும் 192.168.1 என்றே இருந்தால் சர்வர் குழம்பும், ஒன்றை 192.168.12 என்று மாற்றுங்கள். வயர்கார்டில் 25 விநாடிக்கு ஒருமுறை கீப்பலைவ் ('இருக்கிறேன்' என்று சொல்லும் சின்னச் செய்தி) போடுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் ரவுட்டர் அந்த வழியை மறந்துவிடும். அப்புறம் சர்வர் கூப்பிட்டாலும் கடைக்குக் கேட்காது. யுஎஸ்பியில் மட்டும் மாட்டும் டாட் மேட்ரிக்ஸுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. அதைக் கடைக் கம்ப்யூட்டரில் இருந்து ஷேர் செய்ய வேண்டும்.

எந்த வழியானாலும் லேசரின் முகவரியை ரவுட்டரில் நிலையாகக் கட்டிவைத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு அது .50-இல் இருந்து .53-க்கு ஓடிவிட்டால், அன்று முழுக்க மும்பையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் செய்யக் கூடாது. நிலையான பொது முகவரி வாங்கியிருக்கிறோமே என்று அச்சு வேலையை வாங்கும் பிரிண்டரின் 9100 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்காதீர்கள். அந்தப் போர்ட்டுக்குப் பாஸ்வேர்ட் என்ற பேச்சே கிடையாது. வந்ததை அடிக்கும். 2018 இறுதியில் ஒருவர் அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடி எடுத்து, ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்டு நோட்டீஸ் அடிக்க வைத்தார். சுமார் 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாக அவரே சொன்னார். பேப்பர் வீணானதோடு போயிற்று. 2024 செப்டம்பரில் லினக்ஸ் பக்கம் 631 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற நிரலில் வெளியான ஓட்டை அப்படி லேசானதல்ல. வெளியில் இருந்து ஒரு போலிப் பிரிண்டரை உள்ளே நுழைத்து, அதில் யாராவது பிரிண்ட் கொடுக்கும்போது சர்வரில் தங்கள் கட்டளையை ஓட வைக்க முடிந்தது. உங்கள் உபுண்டு சர்வரில் அது ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நிறுத்திவிடுங்கள். அதன் வேலை அக்கம்பக்கத்துப் பிரிண்டர்களைத் தேடுவது, மும்பை டேட்டா சென்டரில் உங்களுக்கு ஏது பிரிண்டர்?

இப்போது அந்த உபுண்டுவின் ஸ்டாக் ரிப்போர்ட். லினக்ஸில் அச்சு என்றால் கப்ஸ் என்ற நிரல்தான். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி, 1999-இல் வெளியானது. 2007-இல் ஆப்பிள் நிறுவனம் அவரையும் வேலைக்கு எடுத்து, நிரலின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. மேக்கில் பிரிண்ட் கொடுத்தாலும் உள்ளே ஓடுவது இதுதான்.

கடையில் இருந்து எஸ்எஸ்எச்சில் ஒரு தலைகீழ் டனல் போட வேண்டும். விண்டோஸ் 10-இலேயே எஸ்எஸ்எச் உள்ளே வந்துவிட்டது, தனியாக எதுவும் வேண்டாம். கட்டளையில் பெரிய எழுத்து 'ஆர்' என்ற ஆப்ஷன். அதன் பின்னால் மூன்று துண்டுகள், இடையில் முக்காற்புள்ளி: சர்வரில் திறக்க வேண்டிய போர்ட் 9101, கடை லேசரின் முகவரி 192.168.1.50, லேசரின் போர்ட் 9100. இந்த இணைப்பு இருக்கும் வரை, சர்வர் தனக்குள்ளேயே இருக்கும் 9101-க்கு எதை அனுப்பினாலும் அது ஈரோட்டு லேசரில் வந்து விழும். கப்ஸில் 'சாக்கெட்' வகைப் பிரிண்டராக லோக்கல்ஹோஸ்ட் 9101 என்று சேர்த்துவிடலாம். எஸ்எஸ்எச்சின் இயல்பான அமைப்பில் அந்த 9101 சர்வருக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும், வெளியில் தெரியாது. அதை வெளிக்கும் திறந்துவிடும் கேட்வே போர்ட்ஸ் என்ற செட்டிங்கைத் தொடாமல் விடுங்கள். சத்தமில்லாமல் இணைப்பு செத்துப்போவதைக் கண்டுபிடிக்க சர்வர் அலைவ் இன்டர்வலை 60 விநாடி என்று வையுங்கள்.

இது அழகாக வேலை செய்யும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் இதைச் செய்ய மாட்டேன். மூன்று காரணம். மலிவான லேசர்கள் பல, பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டிவிடுபவை. லினக்ஸில் அதற்கு டிரைவர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அடுத்தது அளவு. 600 டிபிஐ-இல் ஓர் ஏ4 பக்கம் என்றால் 4,960-க்கு 7,016 புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் சுருக்காமல் அனுப்பினால் ஒரு பக்கம் 4.3 எம்பி, வண்ணத்தில் 104 எம்பி. சுருக்கித்தான் அனுப்புவார்கள் என்றாலும், சில கேபியில் முடிய வேண்டிய எழுத்துப் பட்டியலை எதற்குப் படமாக்கி ஊர் தாண்டி இழுக்க வேண்டும்? மூன்றாவதுதான் பெரிது. இரவு 2 மணிக்கு ரிப்போர்ட் தயாராகும்போது கடை பூட்டிக் கிடக்கிறது, மெயினே அணைந்திருக்கிறது, டனலும் இல்லை. கப்ஸ் முயன்று தோற்று, எரர் பாலிசி 'ஸ்டாப் பிரிண்டர்' என்று இருந்தால் அந்தப் பிரிண்டரையே நிறுத்திவைத்துவிடும். காலையில் கடை திறந்தும் ஒன்றும் வராது. டனல் வழியில்தான் போவேன் என்றால் அதை 'ரிட்ரை ஜாப்' ஆக்குவது கட்டாயம்.

நான் செய்வது இப்படி. சர்வர் இரவில் ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக, ஃபான்ட் உள்ளேயே பதித்து, தேதி போட்ட பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கட்டும். சர்வரின் வேலை அத்துடன் முடிந்தது. காலை 9.30-க்குக் கடைக் கம்ப்யூட்டரில் டாஸ்க் ஷெட்யூலர் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டட்டும். அது எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியாக ஃபைலை நகலெடுக்கும் கட்டளை) வழியாக அன்றைய பிடிஎஃப்பை இழுத்து வந்து, சுமத்ரா பிடிஎஃப் என்ற பிடிஎஃப் மென்பொருளிடம் 'பிரிண்ட் டு' என்ற ஆப்ஷனில் லேசரின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும். திரையில் எதுவும் திறக்காமல் அடித்துவிடும். பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் கீ (சாவி போன்ற ஒரு ஃபைல்) வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கீயில் நுழைபவருக்கு அந்த ஒரு ஃபோல்டரைப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். தமிழ் சரியாக வரும், டிரைவர் கவலை இல்லை, கடை லேட்டாகத் திறந்தாலும் கெடாது. ஷெட்யூலரில் 'தவறவிட்டால் முடிந்தவுடன் ஓட்டு' என்ற டிக் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

சர்வரில் ரிப்போர்ட் தயாராகும் நேரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாடகைக்கு வரும் உபுண்டு சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கிரானில் (லினக்ஸில் வேலைகளை நேரம் குறித்து ஓட்டுவது) 2 மணி என்று போட்டால் நம் ஊரில் காலை 7.30. காலை 5 மணிக்குத் தயாராகட்டும் என்று நினைத்து 5 என்று போட்டுவிட்டால் அது 10.30-க்குத்தான் தயாராகும், 9.30-க்குப் போன ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு திரும்பும். முந்தின நாள் இரவு 20:30 என்று போடுங்கள், நமக்கு அது இரவு 2 மணி.